குடிச்ச வெறி முறியும் வரைக்கும் படுக்க வைக்கிற இடம்: எல்லாரும் கேக்குற கேள்விங்க

நான் இலங்கை மலையகத்துல, தேயிலைத் தோட்டங்க இருக்குற ஹட்டன் பக்கம் ஓட்டோ ஓட்டுறவன், 14 வருஷமாச்சு. மாசம் 10ஆம் தேதி சம்பளம் போட்ட ராத்திரி என் சீட்டுல ஏறுற ஆளுங்கள்ல பாதிப்பேருக்கு ஏறத்தான் தெரியும், எறங்கத் தெரியாது. ரெண்டு பேர் தூக்கிட்டு வந்து போட்டுட்டு "அண்ணே மேட்டு லயத்துல எறக்கி விட்டுருங்க"ன்னு போயிருவாங்க, லயம்னா தோட்டத்து வரிசை வீடு, அங்க போனா அந்த வீட்டு அக்கா லைட்ட போட்டுட்டு வெளிய வந்து பாத்துட்டு ஒண்ணுமே பேசாம கால் பக்கம் புடிப்பாங்க. அப்படி ஒருத்தவங்க தீபாவளி அட்வான்ஸ் குடுத்த அன்னைக்கு கேட்டாங்க, வெளிநாட்டுல குடிச்சவங்கள ராத்திரி வச்சிருந்து காலையில விடுற இடம் இருக்காமே, நம்ம பக்கம் ஏன் தம்பி இல்லன்னு. பெறகு ஒவ்வொருத்தரா கேக்க ஆரம்பிச்சு, நானும் தேடித்தேடி வாசிச்சு, மருந்து சம்பந்தமானத ஆஸ்பத்திரியில நர்ஸ் மிஸ்ஸியா இருக்குற என் தங்கச்சிகிட்ட கேட்டு, எல்லாத்தையும் இங்க ஒரே இடத்துல எழுதிட்டேன்.

அது ஜெயிலா, ஆஸ்பத்திரியா?

ரெண்டும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல. நிக்க ஏலாம ரோட்டுல கெடக்குறவர, இல்லன்னா சத்தம் போட்டுட்டு திரியிறவர கொண்டு வந்து வெறி முறியும் வரைக்கும் படுக்க வச்சு, தண்ணி குடுத்து, உசுரோட இருக்காரான்னு அடிக்கடி பாத்து, விடிஞ்சதும் அனுப்புற இடம். சில நாட்டுல பொலிஸ் நடத்துது, சில நாட்டுல சுகாதாரப் பக்கம் நடத்துறாங்க, அதப் பொறுத்துத்தான் உள்ள இருக்குறது கம்பிக்கூடா மெத்தையான்னு முடிவாகுது. ஜப்பான்ல வெறிகாரனுக்கு பட்டப்பேரே "புலி", அதனால அங்க பொலிஸ்ல வெறிகாரங்கள வைக்கிற ரூமுக்கு புலிப்பெட்டின்னு பேர். நம்ம ஆளுங்களும் அரைப்போத்தல் உள்ள போனா புலிதான், மறுநாள் காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல பாத்தா பூனை.

எங்க தொடங்குனாங்க இதெல்லாம்?

ரஷ்யாவுல துலான்னு ஒரு டவுன், துப்பாக்கி செய்யிற தொழிற்சாலை இருக்குற ஊர். அங்க குடிச்சிட்டு பனியில விழுந்து கெடந்து வெறைச்சு சாகுற தொழிலாளிங்க ஜாஸ்தியாகிப் போனதால 1902ல அர்கான்கெல்ஸ்கின்னு ஒரு டாக்டர் இவங்களுக்குன்னு ஒரு தங்குமடம் தொறந்தார். குடிக்கிறவனத் திருத்துறது ரெண்டாவது வேலை, மொத வேலை அவன் குளிர்ல சாகாம இருக்கணும், அவ்வளவுதான். இது எனக்கு ரொம்பப் பிடிச்சுது, ஏன்னா நம்ம மலைக்கும் அதே பிரச்சனைதான்.

பெறகு 1931ல லெனின்கிராட்ல அரசாங்கமே தொறந்துச்சு, 1940ல அத டாக்டருங்க கையில இருந்து எடுத்து பொலிஸ் பக்கத்துக்குக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் அங்க ஒரு ராத்திரி படுத்தா காசு கட்டணும், அத விட மோசம், வேலை செய்யிற எடத்துக்கு லெட்டர் போகும், போனஸ் வெட்டுவாங்க, அரசாங்க வீட்டுக்கு வரிசையில நிக்கிறவர் பின்னுக்குப் போயிருவார். யாராவது விழுந்து கெடந்தா கூட்டாளிங்க பொலிஸ் வர முன்ன ஒளிச்சு வைக்கத்தானே பாப்பாங்க? 2011ல ரஷ்யாவுல எல்லாத்தையும் மூடிட்டாங்க, மூடினா பனியில விழுந்து கெடக்குறது நின்னுருமா என்ன, திரும்ப தொறக்கலாம்னு 2021ல இருந்து சட்டம் வந்துருச்சு.

ப்ராக் டவுன்ல 1951ல ஸ்காலான்னு ஒரு டாக்டர் தொடங்குனது வேற மாதிரி, அது குடி நோயாளிங்கள பாக்குற ஆஸ்பத்திரியோட சேந்தே இருந்துச்சு. அமெரிக்காவுல சான் ஃப்ரான்சிஸ்கோவுல 2003லயும், ஹியூஸ்டன்ல 2013லயும் தொறந்தாங்க, வெறியில இருக்குறவர ஜெயிலுக்குக் கொண்டு போகாம அங்க கொண்டு போறதுக்கு.

உள்ள என்னதான் செய்வாங்க?

வாசல்லயே ஒரு மிஸ்ஸி பாப்பாங்க. மூச்சு, நாடி, உடம்புச் சூடு, சீனி அளவு, தலையில அடி இருக்கா, இதெல்லாம். இதுல ஒண்ணு சரியில்லன்னா உள்ள எடுக்க மாட்டாங்க, நேரா ஆஸ்பத்திரி. சீனி எறங்கிப் போனவரும், பக்கவாதம் வந்தவரும், மண்டையில அடிபட்டவரும் பாக்குறதுக்கு அச்சா வெறிகாரன் மாதிரியே இருப்பாங்க, நாக்கு கொழறும், தள்ளாடும். மேல சாராய வாசமும் அடிச்சிட்டா யாரும் ரெண்டாவது தடவ யோசிக்கிறதில்ல.

உள்ள எடுத்தா தரையோட ஒட்டுன மெத்தை, விழுந்தாலும் அடிபடாத மாதிரி. ஒரு பக்கமா சரிச்சுப் படுக்க வைப்பாங்க. அரை மணிக்கு ஒருக்கா, மொத மணித்தியாலத்துல அத விட அடிக்கடி, தட்டி எழுப்பி பேர் கேப்பாங்க. தண்ணி, சூப்பு, வாந்தி பட்ட உடுப்புக்கு மாத்து உடுப்பு. இவ்வளவுதாங்க. மருந்துன்னு பெருசா ஒண்ணும் இல்ல, முழிச்சிருக்குற ஒரு ஆள்தான் அங்க மருந்தே.

போலந்துல வேலை செய்யிற நம்ம மச்சான் ஒருத்தன் சொன்னான், அவனோட ரூம்ல இருந்தவன ஒரு ராத்திரி அப்படி தூக்கிட்டுப் போயி காலையில பில்லும் கையில குடுத்து அனுப்பினாங்களாம். அங்க 24 மணித்தியாலத்துக்கு மேல வைக்க ஏலாது, ஆனா காசு கட்டியே ஆகணும். "ஹோட்டல்ல படுத்திருந்தாலும் அவ்வளவுதான் மச்சான் வந்திருக்கும்"னு அவன் பொலம்பினது வேற கதை.

இங்க இலங்கையில குடிச்சதுக்கு பொலிஸ் புடிக்க ஏலுமா?

வெறுமனே குடிச்சதுக்காகப் புடிக்க ஏலாது. பொது இடத்துல வெறியில மத்தவங்களுக்கு தொந்தரவு குடுத்தா அது தண்டனைச் சட்டக்கோவையில குற்றம், 1883ல வெள்ளைக்காரன் காலத்துல எழுதின சட்டம். வாகனம் ஓட்டினா அது தனி, 100 மில்லி ரத்தத்துல 80 மில்லிகிராம்தான் எல்லை, பலூன் ஊதச் சொல்லுவாங்க. புடிச்சா டாக்டர்கிட்ட கொண்டு போயி வாசம் மட்டும்தானா, நெசமாவே வெறியில இருக்காரான்னு எழுதி வாங்குவாங்க. அந்த நேரம் டாக்டர்கிட்ட வாயத் தொறந்து சொல்லிருங்க, விழுந்தாரு, சீனி வருத்தம் இருக்கு, ஃபிட்ஸ் வரும்னு. கூடப் போற ஆள் சொல்லலன்னா யாருக்குத் தெரியும்.

பிடியாணை இல்லாம புடிச்சவர 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவான் முன்னால கொண்டு போகணும், இது 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைச் சட்டக்கோவையில இருக்கு. வாக்குமூலம் தமிழ்ல குடுக்க உரிமை இருக்கு, விளங்காத மொழியில எழுதினதுக்கு அடியில கையெழுத்து வைக்காதீங்க.

பொலிஸ் கூட்டுல போட்டா என்ன, விடிஞ்சா வெறி முறிஞ்சிரும்தானே?

இந்தக் கேள்வியக் கேட்டா எனக்கு வயித்தெரிச்சல்தான் வரும், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன், பொறுத்துக்கங்க.

என் சித்தப்பா நல்லா குடிப்பார். சித்தி அவரத் திட்டுவாங்க, ஆனா படுக்க வைக்கிறதுல ஒரு முறை வச்சிருந்தாங்க. இஸ்தோப்புல, அதான் வீட்டு முன் திண்ணையில, சாக்கு விரிச்சு இடது பக்கமா சரிச்சுப் படுக்க வைப்பாங்க, மேல் காலை மடக்கி முன்னுக்குத் தள்ளி விடுவாங்க, அப்புறம் கொழுந்து எடுக்கப் போறப்ப இடுப்புல கட்டுவாங்களே படங்கு, அதச் சுருட்டி முதுகுக்குப் பின்னால இறுக்கமா வச்சிருவாங்க, மல்லாக்கப் பெரளாம இருக்க. படங்குல எப்பவும் தேயிலைச் சாயமும் ஈரமும் வாசம் அடிக்கும், அந்த வாசத்துக்கே அவர் மூஞ்சியச் சுளிப்பார், சுளிச்சா சித்திக்கு நிம்மதி, ஆள் இருக்குன்னு. ராத்திரி ரெண்டு மூணு தடவ எழும்பி வந்து கால் வெரல நெருடிப் பாப்பாங்க. பள்ளிக்கூடமே ஒழுங்காப் போகாதவங்க. அவங்க செஞ்சதுக்கும் ப்ராக்ல டாக்டருங்க செஞ்சதுக்கும் என்னால பெருசா வித்தியாசம் கண்டுபுடிக்க ஏலல, காலையில 7 மணிக்கு மலையில நிக்கணும்ங்கிறதத் தவிர.

ஒரு ராத்திரி டவுன்ல சண்டைன்னு அவரப் புடிச்சிட்டாங்க. அதுக்கு முன்னமே தண்ணி ஓடுற கான்ல விழுந்து பின் மண்டையில அடி, ரத்தம் வெளிய வரல. எந்த ஸ்டேசன்னு நான் இங்க எழுத வரல. கூட்டுக்குள்ள குறட்டை விட்டுத் தூங்குறார்னு விட்டுட்டாங்க, அந்தக் குறட்டை வெறிக் குறட்டை இல்ல, மூளையில ரத்தம் கட்டின குறட்டை. காலையில எழுப்பினா எழும்பல. ஆள் பொழைச்சுட்டார், ஆனா வலது கை அப்படியே போச்சு, இன்னைக்கும் என் பேர முழுசா சொல்ல ஏலாது. யாரும் அடிக்கல, யாரும் கெட்டது நெனைக்கல, முழிச்சிருந்து பாக்க ஒரு ஆள் இல்ல, அதுதான் நடந்தது.

அவுஸ்திரேலியாவுல 2017ல தான்யா டேன்னு ஒரு பழங்குடி அம்மா ரயில்ல தூங்கிட்டு வந்தவங்கள வெறின்னு புடிச்சுக் கூட்டுல போட்டாங்க, அவங்க உள்ளயே விழுந்து தலையில அடிபட்டு, மூளையில ரத்தம் கசிஞ்சு எறந்துட்டாங்க. அவங்க குடும்பம் விடாம நின்னதுல விக்டோரியா மாநிலத்துல 2023 நவம்பர்ல இருந்து பொது இடத்துல வெறியா இருக்குறதே குற்றம் இல்லன்னு ஆக்கிட்டாங்க. அதே நாட்டோட வடக்குப் பக்கத்துல 1974லயே அத குற்றம் இல்லன்னு ஆக்கி, 1980கள்ல வெறி முறியிற தங்குமடங்களும் தொறந்தாச்சு. அப்ப ஏலும்தானே?

வீட்டுல படுக்க வைக்கிறது எப்படி?

சித்தி செஞ்ச மாதிரி. ஒரு பக்கமா சரிச்சு, வாய் தரைப் பக்கம் பாக்குற மாதிரி, முதுகுக்கு ஒரு முட்டு. மல்லாக்கப் போட்டா வாந்தி திரும்ப மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும், வெறியில சாகுறதுல முக்கியமான ஒரு வழி அதுதான். தூங்க ஆரம்பிச்சதும் "அப்பாடா"ன்னு நெனைக்காதீங்க, கடைசியா ஊத்தினது வயித்துல இருந்து ரத்தத்துல ஏறிட்டேதான் இருக்கும், படுத்து ஒரு மணித்தியாலத்துக்குப் பெறகு வெறி கூடியும் போகலாம். பாரசிட்டமோல் குடுக்காதீங்க. அடுப்புக்குப் பக்கத்துல படுக்க வைக்காதீங்க.

தேசிக்காய், மோர், கறுப்புக் கோப்பி, தலையில பச்சைத்தண்ணி?

ஒண்ணுமே வேலை செய்யாது. எனக்கும் நம்ப கஷ்டமாத்தான் இருந்துச்சு. கோப்பி குடிச்சா தூங்குற வெறிகாரன் முழிச்ச வெறிகாரனா ஆவான், அவ்வளவுதான். ஈரல் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 7ல இருந்து 10 கிராம் அல்ககோலத்தான் எரிக்கும். கணக்குப் போடுங்க, சாராயத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு அல்ககோல், கால் போத்தல் 180 மில்லின்னா 45 கிராமுக்கு மேல வரும், அது போக 5, 6 மணித்தியாலம். அரைப்போத்தல்னா 10 மணித்தியாலத்துக்கும் மேல. ராத்திரி 10 மணிக்கு அரைப்போத்தல முடிச்சவர் காலையில 7 மணிக்கு கவ்வாத்துக் கத்தியோட மலையில நின்னாலும் உள்ள இன்னும் மிச்சம் இருக்கு. குளிர்ல தலையில தண்ணி ஊத்துறது முட்டாள்தனம், கோவிச்சுக்காதீங்க.

குளிருக்கு ஒரு மடக்கு நல்லதுன்னு பெரியவங்க சொல்றாங்களே?

சூடு வந்த மாதிரி தெரியும், ஆனா உள்ள இருக்குற சூடு தோல் வழியா வெளிய போயிட்டே இருக்கும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், தை மாசத்துல புல்லு மேல வெள்ளையா உறைபனி விழுற ஊர், அங்க ஈர உடுப்போட வெளிய படுத்தா விடியிறதுக்குள்ள ஆள் வெறைச்சிரும். ஈரத்தக் கழட்டி, கம்பளியால தலையச் சேத்துப் போத்துங்க, முகத்த மட்டும் விட்டுட்டு.

எப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்?

தோளத் தட்டி, காது மடல நுள்ளியும் எழும்பலன்னா. மூச்சு நிமிஷத்துக்கு 8க்குக் கொறைவா இருந்தா, இல்லன்னா ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 10 செக்கன் இடைவெளி விட்டா. ஒதடு நீலமா மாறினா, வலிப்பு வந்தா, தலையில அடி இருந்தா, பூச்சி மருந்து வாசம் ஏதாவது அடிச்சா. 1990க்கு எடுங்க, சுவசெரிய அம்புலன்ஸ் காசு இல்ல. லயத்துக்கு வர்ற ரோட்டு நெலமை உங்களுக்கே தெரியும், அதனால எடுத்த கையோட ஆள மெயின் ரோட்டுப் பக்கம் எறக்கவும் ஆள் சேருங்க.

கசிப்பு, அதான் கள்ளச்சாராயம், குடிச்சிருந்தா வேற மாதிரியா?

வெறி அதே வெறிதான், பயம் அதுக்குள்ள என்ன கலந்திருக்குன்னு தெரியாததுதான். மெதனோல்ங்கிற விஷம் கலந்திருந்தா ராத்திரி ஒண்ணும் தெரியாது, வெறி முறிஞ்சு நல்லா எழும்பி தேத்தண்ணியும் குடிப்பார், 12 மணித்தியாலம், ஒரு நாள் கழிச்சுத்தான் வயித்து வலி, மூச்சு வாங்குறது, கண்ணு முன்னால மூடுபனி விழுந்த மாதிரி மங்குறது எல்லாம் வரும். வெளிய பனியே இல்லாதப்ப "என்ன இன்னைக்கு இப்படி மூடிக் கெடக்கு"ன்னு கேட்டார்னா அந்த நிமிஷமே தூக்குங்க. என்ன குடிச்சார்னு ஒளிக்காதீங்க, காட்டிக் குடுக்குறதா ஆகிரும்னு பயந்து கண்ணு போயிரக் கூடாது.

ரெண்டு மூணு நாள் அடைச்சு வச்சா குடிய விட்டுருவாரா?

இல்ல, இது ஆபத்து. தெனமும் குடிக்கிற உடம்பு திடீர்னு நின்னா அன்னைக்கே கை நடுங்கும், ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாம் மூணாம் நாள்ல இல்லாத ஆளோட பேசுறது, சுவத்துல பூச்சி ஓடுதுங்கிறது. அத பேய்னு சொல்லி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனத நானே பாத்திருக்கேன், என் ஓட்டோவுலதான் போனாங்க. அது நோய், வார்ட்ல வச்சு மருந்து குடுத்து நிப்பாட்ட வேண்டியது. ரிமாண்ட்ல யாராவது இருந்தா மொத நாளே அங்க சொல்லி வைங்க, இவர் தெனக்குடிகாரர்னு. மனநல உதவிக்கு 1926 இருக்கு.

வெறியில அடிக்கிறவர நான் ஏன் முழிச்சிருந்து பாக்கணும்?

பாக்கத் தேவையில்ல. இதக் கேட்ட தங்கச்சி கையில அப்பவும் வீக்கம் இருந்துச்சு. நான் மேல எழுதினதெல்லாம் விழுந்து கெடக்குற ஆளுக்கு, கத்தியத் தேடுற ஆளுக்கு இல்ல. புள்ளைங்களத் தூக்கிட்டு பக்கத்து வீட்டுக்குப் போங்க, 119 இல்லன்னா பெண்களுக்கான 1938. 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கு, நீதிமன்றம் அவர வீட்டுப் பக்கமே வர வேணாம்னு உத்தரவு போட ஏலும். என்னைக் கேட்டா அப்படி ஒரு ராத்திரி இடம் வேணும்ங்கிறதுக்கு மொத காரணமே இதுதான், அவர் அங்க படுத்தா இங்க நாலு பேர் தூங்குவாங்க. லயத்துல ஒரு ரூம், நடுவுல ஒரு சுவரு, மேல தகரம், ஒரு வீட்டுச் சத்தத்துக்கு வரிசையே முழிச்சிருக்கும், காலையில எல்லாருக்கும் பெரட்டு.

அப்ப தோட்டத்துல ஒரு டிவிஷனுக்கு ஒண்ணு தொடங்கலாமா?

தொடங்கலாம்னுதான் நான் சொல்றேன், ஆனா ஆறு மெத்தை வாங்கி ரிப்பன் வெட்டுறதோட முடிஞ்சிரும்னு பயமும் இருக்கு. வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள விட்டுட்டுப் போற புள்ளைக்காம்பரா பழசு மாதிரி சும்மா கெடக்குற கட்டடம் ஒண்ணு போதும், தண்ணி, லைட், கம்பளி, சூடு பாக்குறது, சீனி பாக்குற மிசின், சிக்னல் கெடைக்கிற ஃபோன். கஷ்டமானது ஆள்தான். ராத்திரி 8ல இருந்து காலையில 6 வரைக்கும் தூங்காம ரெண்டு பேர், பயிற்சி குடுத்து, பேர் போட்டு. தொண்டு சேவைன்னு பொம்பளைங்க தலையில கட்டக் கூடாது, அதத்தான் வீட்டுல ஏற்கனவே செய்றாங்க. பொம்பளைங்களும் குடிக்கிறாங்க, மறைக்க என்ன இருக்கு, அவங்களுக்கு தனி ரூம் வேணும்.

இன்னொண்ணு, அங்க யார் வந்து படுத்தாங்கங்கிற லிஸ்ட் தோட்டத்து ஆபீஸுக்கோ சங்கத் தலைவர் கைக்கோ போகவே கூடாது. அரை நாள் சம்பளம்னு அரைப்பேர் போட்டுருவாங்கன்னு தெரிஞ்சா ஒருத்தனும் வர மாட்டான், தேயிலைச் செடிக்குக் கீழயே படுத்துக்குவான். ரஷ்யாவுல அந்த லெட்டருக்குப் பயந்தாங்களே, அதே கதைதான். தெனம் தேவைப்படாது, சம்பள நாள், திருவிழா, தீபாவளி, சித்திரை வருஷப் பொறப்பு, பௌர்ணமிப் போயாவுக்கு முந்தின நாள், இத்தன ராத்திரி தொறந்தாலே பெரிய விஷயம். போயா அன்னைக்கு கடை பூட்டு, அதனால மொத நாளே ரெண்டு நாளைக்கும் சேத்து வாங்கிருவாங்கன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா.

அண்ணே, நடுராத்திரி கூப்பிட்டா வருவீங்களா?

வருவேன். ஆனா ஆள மட்டும் போட்டு அனுப்பாதீங்க, கூட ஒருத்தர் ஏறணும், வீட்டுல ஒப்படைக்கிற வரைக்கும். உக்கார வச்சுக் கழுத்தத் தொங்க விடாதீங்க, சீட்டுல சரிச்சுப் படுக்க வைங்க, கால் வெளிய நீட்டிட்டு இருக்கட்டும், நான் மெதுவாத்தான் ஓட்டுவேன். வாந்தி எடுத்தா கழுவுறதுக்கு 500 ரூபா, எடுக்கலன்னா வேணாம். பின்னால சீட்டுக்கு அடியில படங்கு ஒண்ணு சுருட்டி வச்சிருக்கேன், முதுகுக்கு முட்டுக் குடுக்க எடுத்துக்கங்க, மறுநாள் திருப்பிக் குடுத்துருங்க, ஏற்கனவே ரெண்டு போயிருச்சு.